பட்டன் கூடினால் ஊடாட்டம் கூடுமா?

டீச்சர், இங்கே மொரீஷியஸில் ரோஸ்ஹில் பக்கம் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறீர்கள். டேப்லெட்டுக்காக ஒரு பாடம் செய்து அனுப்பியிருக்கிறீர்கள். ‘ஊடாட்டம் போதவில்லை, மல்டிமீடியாவை இன்னும் கூட்டுங்கள்’ என்று ஒரே வரியில் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரைக்கு நாலு பட்டன் ஏற்கெனவே இருக்கிறதே, இன்னும் எத்தனை வைப்பது, இதற்கெல்லாம் கோட்பாடு என்று ஏதாவது உண்டா என்று கேட்கிறீர்கள். எனக்குப் புரிந்தவரை இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஊடாட்டம் என்று எதைச் சொல்வது என்பது ஒன்று. படமும் ஒலியும் அசைவும் சேர்ந்தால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்பார்களா என்பது மற்றது. பாடத்தைத் திருப்பியவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை, பயிற்சிப் பட்டறைகளிலும் இதே குழப்பம்தான் ஓடுகிறது.

நான் சென்னையில் காட்சித் தொடர்பியல் படித்துவிட்டு ஊர் திரும்பி, எபெனில் பல வருஷமாகப் பாடச் செயலிகள் செய்கிறவன். உளவியல் ஆய்வாளன் இல்லை. ஆய்வுகளைப் படித்து, வேலைக்கு ஆகிறதா என்று பார்க்கிற ஆள். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊடாட்டம். 1988-ல் ஷெய்சாஃப் ரஃபேலி என்ற ஆய்வாளர் கொடுத்த விளக்கத்தைத்தான் இன்றைக்கும் நான் அளவுகோலாக வைத்திருக்கிறேன். அவர் கருவியைப் பார்க்கவில்லை, பேச்சைப் பார்த்தார். நீங்களும் பேசுகிறீர்கள், நானும் பேசுகிறேன் என்றால் அது இருவழித் தொடர்பு, அவ்வளவுதான். நீங்கள் சொன்னதற்கு நான் பதில் சொன்னால் அது எதிர்வினை. நான் இப்போது சொல்வது, நீங்கள் கடைசியாகச் சொன்னதோடு அதற்கு முன்னால் நமக்குள் நடந்ததையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வந்தால்தான் அது முழு ஊடாட்டம். இதை வைத்து உங்கள் பாடத்தைப் பாருங்கள். யானைப் படத்தைத் தொட்டால் ‘யானை’ என்று ஒலிக்கிறது. இன்னொரு தடவை தொட்டாலும் அதே குரல், அதே ‘யானை’. பிள்ளை இதுவரை எதைத் தொட்டது, எதில் தடுமாறியது என்பதெல்லாம் அந்தத் திரைக்குத் தெரியாது. அப்படிப்பட்ட திரையில் நாலு பட்டன் வைத்தாலும் நாற்பது வைத்தாலும் எதிர்வினை என்ற இரண்டாம் படியிலேயேதான் நிற்போம்.

விளையாட்டு வடிவமைப்பாளர் கிறிஸ் கிராஃபோர்ட் இதை இன்னும் எளிமையாகச் சொன்னார்: இரண்டு பேர் மாறி மாறிக் கேட்பது, யோசிப்பது, பேசுவது. மூன்றில் ஒன்று நோஞ்சானாக இருந்தாலும் மொத்தமும் நோஞ்சான்தான். நாம் செய்கிற பாடங்களில் பேச்சுக்குக் குறைவே இல்லை. கைத்தட்டல், நட்சத்திரம், பலூன் என்று கொட்டும். கேட்பது சுமார். யோசிப்பது கிட்டத்தட்டக் கிடையாது. பிரெண்டா லாரல் 1991-ல் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். அடிக்கடி செயல்பட முடிகிறதா, தேர்ந்தெடுக்க எத்தனை வழிகள், தேர்ந்தெடுத்ததால் எவ்வளவு மாறுகிறது என்று மூன்றையும் பார்க்கச் சொன்னார். ‘பட்டனைக் கூட்டுங்கள்’ என்பவர்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். மூன்றாவதுதான் கஷ்டம், செலவும் அதில்தான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டே வைத்துப் பார்க்கலாம். ‘கொடி’ என்று பிள்ளை எழுத வேண்டும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, துணைக்கால், க, டி என்று அட்டைகள் கிடக்கின்றன, இழுத்து வைக்க வேண்டும். பிள்ளை காலை மறந்துவிட்டு ‘கெடி’ என்று வைக்கிறது. வழக்கமான செயலி என்ன செய்யும்? சிவப்புப் பெருக்கல் குறி, ஒரு ‘டொய்ங்’, ‘மீண்டும் முயற்சி செய்’. பிள்ளைக்கு அதிலிருந்து தெரிவது தவறு என்பது மட்டும்தான். எங்கே தவறு என்று தெரியாததால் அட்டைகளைக் கண்டபடி மாற்றி, பச்சை விளக்கு எரியும்வரை தட்டிக்கொண்டே இருக்கும். நல்ல ஆசிரியர் அப்படிச் செய்யமாட்டார்; பிள்ளை எழுதியதை எழுதியபடியே வாய்விட்டுப் படித்துக்காட்டுவார். செயலியும் அதைச் செய்யலாம். ‘கெடி’ என்று வைத்தால் ‘கெடி’ என்று ஒலிக்கட்டும். கொம்பை விட்டால் ‘காடி’. ஒற்றைக் கொம்புக்குப் பதில் இரட்டைக் கொம்பு வந்தால் ‘கோடி’. அது தனிச்சொல்லாகவே இருப்பதால் அதற்கொரு படமும் போடலாம். தான் நினைத்தது ஒன்று, எழுதியது ஒன்று என்று பிள்ளையின் காதே சொல்லிவிடும். இங்கே சரி, தவறு என்று யாரும் சொல்லவில்லை, பிள்ளை செய்தது அதன் முன்னாலேயே வந்து நிற்கிறது. அதே பிள்ளை ‘பொட்டு’ எழுதும்போதும் காலை விட்டால், செயலி அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்து ‘தொட்டி’, ‘மொட்டு’ என்று கொடுக்க வேண்டும். அப்போதுதான் ரஃபேலியின் மூன்றாம் படியில் கால் வைக்கிறோம். பட்டன் ஒன்றுகூடக் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்கான ஒலிகளை உயிர்மெய் 216-ஐயும் தனித்தனியாகப் பதிவுசெய்து ஒட்டவைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். சொல்லின் நடுவில் வருகிற க வேறு மாதிரி ஒலிக்கும், முதலில் வருகிற க வேறு. ஒட்டுப்போட்ட ஒலி ரோபோ மாதிரி இருப்பதோடு தப்பாகவும் இருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் பிள்ளைகள் உண்மையாகச் செய்கிற மூன்று நாலு தவறுகளை முழுச்சொல்லாகவே பதிவுசெய்தால் போதும்.

கிராஃபோர்ட் சொன்ன ‘கேட்பது’ தமிழில் எங்கே இடறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளியூரில் செய்த மென்பொருளை வாங்கும்போது இதை யாரும் எச்சரிப்பதில்லை. கையால் ‘கொ’ எழுதும்போது கொம்பு முதலில், அப்புறம் க, அப்புறம் கால். நீங்களும் அப்படித்தானே சொல்லிக்கொடுக்கிறீர்கள்? கணினி எழுத்துகளைச் சேமிக்கிற யூனிகோடு முறையில் க முதலில், கொம்பு அதற்குப் பின்னால். திரையில் காட்டும்போதுதான் கொம்பு இடப்பக்கம் போகிறது. தட்டிய வரிசையை அப்படியே சோதிக்கிற செயலியில், நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி கொம்பை முதலில் எடுத்த பிள்ளைக்குத் தவறு என்று வரும். இன்னொன்று, ‘ஒ’ உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிற ‘நார்மலைஸ்’ வேலையைச் செய்யாவிட்டால் சரியான விடைக்கும் பெருக்கல் குறி விழும். ‘ஔ’ இன்னும் மோசம். ‘ஒ’வையும் ‘ள’வையும் பக்கத்தில் பக்கத்தில் தட்டினாலும் பார்க்க அப்படியேதான் இருக்கும், இதை நார்மலைஸும் சரிசெய்யாது, தனியாக விதி எழுத வேண்டும். ரோமன் எழுத்தில் தட்டினால் தமிழாக மாற்றித் தருகிற விசைப்பலகை என்றால் நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. வீட்டில் பேசுகிற கிரியோலில் உ ஒலியை ஓ, யூ என்று இரண்டு எழுத்தாக எழுதிப் பழகிய பிள்ளை அதே பழக்கத்தில் ‘முருகன்’ என்று தட்டும், திரையில் வேறெதுவோ வந்து நிற்கும். பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை என்று நாம் குறித்துக்கொள்வோம்.

இதுவரை சொன்னது ரஃபேலி பக்கம் நின்று. ஊடாட்டம் என்ற கருத்தையே சந்தேகப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை ஒதுக்கிவிட முடியாது. எஸ்பென் ஆர்செத் என்ற ஆய்வாளர் 1997-ல், இது எதையும் தெளிவாகச் சொல்லாமல் விற்பனைக்கு மட்டும் உதவுகிற பெயர் என்கிற மாதிரி எழுதினார். ஊடகக் கோட்பாட்டாளர் லெவ் மனோவிச் 2001-ல் இன்னும் ஒருபடி போனார். கணினியில் இருப்பது எல்லாமே பயனர் தொட்டால் மாறுவதுதான், அதைப் போய் ‘ஊடாட்டமுள்ள கணினி ஊடகம்’ என்பது கூறியது கூறல் என்றார். விரலால் அழுத்துவதை மட்டும் ஊடாட்டம் என்று எண்ணிக்கொண்டு, படிக்கிறவர் மனதுக்குள் நிரப்பிக்கொள்வதையும் ஊகிப்பதையும் மறந்துவிடுகிறோம் என்பது அவருடைய பெரிய புகார். மொழிப் பாடம் செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் காதில் வாங்க வேண்டும். படத்தைக் காட்டிவிட்டு, பெயரை உடனே ஒலிக்கவிடாமல் கொஞ்சம் மௌனம் விட்டால், அந்த இடைவெளியில் பிள்ளை சொல்லைத் தேடும். அழுத்துவதற்கு ஒன்றும் இல்லாத அந்த நேரத்தில்தான் உண்மையான வேலை நடக்கிறது.

தேர்ந்தெடுக்க வாய்ப்பு கொடுத்தாலே பெரிய விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1967 மொன்றியால் உலகக் கண்காட்சியில், செக்கோஸ்லோவாக்கிய அரங்கில் ராதூஸ் சின்செராவின் படம் ஒன்றை நடுநடுவே நிறுத்திப் பார்வையாளர்களை வாக்களிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு இருக்கையிலும் பட்டன் உண்டு. எந்தப் பக்கம் வாக்கு விழுந்தாலும் அடுத்த வாக்கெடுப்புக்குள் இரண்டு கிளையும் ஒன்றாகச் சேர்ந்துவிடும், முடிவு ஒன்றேதான். கிளைகளைச் சேர்க்காமல் விட்டால் பத்துக் கேள்விக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் எடுத்தாக வேண்டும், யாரால் முடியும்? உங்களுக்கும் கிளைக்கதைப் பாடம் செய்யச் சொல்லி யோசனை வரும். வந்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

சரி, மல்டிமீடியாவுக்கு வருவோம். இங்கே ஆதாரம் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது. கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ரிச்சர்ட் மேயரும் அவருடைய குழுவும் பல பத்தாண்டுகளாகச் செய்த சோதனைகளின் சாரம் இது: சொல்லோடு பொருத்தமான படம் சேர்ந்தால் நல்லது. பாடத்துக்குச் சம்பந்தமில்லாத இசையும் அலங்காரமும் சேர்ந்தால் கெடுதல். படம் ஓடும்போது விளக்கத்தை எழுத்தாகப் போடுவதைவிடக் குரலாகக் கொடுப்பது நல்லது. குரலும் கொடுத்து, அதே வாக்கியங்களை எழுத்தாகவும் ஓட்டினால் கண் இரண்டு பக்கம் இழுபடுகிறது. ஆக ‘இன்னும் கூட்டுங்கள்’ என்பதற்கு மேயரிடம் போனால் பெரும்பாலும் ‘குறையுங்கள்’ என்றுதான் பதில் கிடைக்கும். உங்கள் பாடத்தில் பின்னணியில் ஓடுகிற பாட்டை முதலில் நிறுத்துங்கள். அசைந்துகொண்டே இருக்கிற அந்தக் கிளியையும்.

ஆனால் கடைசி விதியை, அதாவது குரல் இருந்தால் எழுத்து வேண்டாம் என்பதை, அப்படியே மொரீஷியஸுக்குக் கொண்டுவந்தால் தப்பாகிவிடும். பட்டறைகளில் சிலர் அதை வேதவாக்கு மாதிரிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஆரம்பச் சோதனைகளில் பலவும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு, அவர்களுடைய மொழியிலேயே, மின்னல் எப்படி உண்டாகிறது, சைக்கிள் பம்பு எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிய சின்னச் சின்னப் பாடங்கள். கேட்கிற மொழி தாய்மொழியாக இல்லாதபோதும், சொற்கள் புதியவையாக இருக்கும்போதும் எழுத்தும் தேவைப்படும் என்று மேயரே எல்லை வகுத்திருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், அதற்கு மேல்தான் தமிழ். போதாததற்கு, எழுத்தே அவர்களுக்குப் பாடம். அதை மறைத்துவிட்டு எதைக் கற்பிப்பது? அதனால் ஒரு சொல், ஒரு படம், ஒரு குரல் மூன்றையும் சேர்த்தே வையுங்கள். நீண்ட விளக்கமாக இருந்தால் மட்டும் எழுத்தை எடுத்துவிட்டுக் குரலை விடுங்கள். அந்த விளக்கம் கிரியோலில் இருந்தாலும் குற்றமில்லை என்பது என் கருத்து. இதில் நம் ஊர் தமிழாசிரியர்களிடையே சண்டை உண்டு, தெரியும்.

படித்தால் 10 சதவீதம் நினைவில் நிற்கும், கேட்டால் 20, செய்தால் 90 என்று ஒரு முக்கோணப் படம் எல்லா ஸ்லைடிலும் வருகிறதே, அதை நம்பவேண்டாம். அதற்கு மூலம் என்று காட்டுவது கல்வியாளர் எட்கர் டேல் 1946-ல் வரைந்த கூம்பை, ஆனால் அந்தக் கூம்பில் ஒரு சதவீதக் கணக்கும் இல்லை. எண்கள் பிறகு வேறு யாரோ ஒட்டியவை, அவற்றுக்குப் பின்னால் ஆய்வே கிடையாது. ‘இந்தப் பிள்ளை கண்ணால் கற்கும், அந்தப் பிள்ளை காதால் கற்கும்’ என்று பிரித்துப் பாடம் கொடுப்பதற்கும் இதே கதிதான். ஹெரால்ட் பாஷ்லரும் சகாக்களும் 2008-ல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, அப்படிப் பிரிப்பதால் பயன் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள்.

இனி சந்தேகத்துக்குரிய பகுதி. ஊடாட்டம் கூடினால் கற்றல் கூடுமா? நேரடியாக ‘ஆம்’ என்று சொல்ல மாட்டேன். ஒவ்வோர் ஆய்வும் ஊடாட்டம் என்று ஒவ்வொன்றை அளந்திருக்கிறது, முடிவுகளும் ஒரு பக்கமாகச் சாயவில்லை. என்னுடைய அளவுகோலையே கொஞ்சம் ஆட்டிவைக்கிற முடிவும் ஒன்று உண்டு. 2001-ல் மேயரும் பால் சாண்ட்லரும் மின்னல் பாடத்தை 16 துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ‘தொடர்க’ என்று ஒரு பட்டன் மட்டும் வைத்தார்கள். ரஃபேலியின் கணக்கில் அது ஊடாட்டமே இல்லை. இருந்தும் முதலில் அப்படிப் படித்தவர்கள், கற்றதைப் புதுக் கேள்விகளுக்குப் பயன்படுத்துவதில் மேலாக இருந்தார்கள். பாட்டி கதை சொல்லும்போது நாம் ‘உம்’ கொட்டுவோமே, அது மாதிரித்தான் அந்தப் பட்டன். ‘உம்’மினால் கதை மாறாது, ஆனால் ‘உம்’ வராமல் கதை நகராது. கேட்கிறவருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. ஆகவே சாதாரண ‘அடுத்து’ பட்டனைக் கேவலமாக நினைக்காதீர்கள். தானாக ஓடுகிற வீடியோவைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னொரு விஷயத்தில் எனக்கு ஓரளவு உறுதி இருக்கிறது. மிஷலீன் சீயும் ரூத் வைலியும் 2014-ல் கற்றலை நாலு படியாக அடுக்கினார்கள்: சும்மா பார்ப்பது, கையால் ஏதாவது செய்வது, தானாகப் புதிதாக ஒன்றை உண்டாக்குவது, இன்னொருவரோடு பேசிச் சேர்ந்து உண்டாக்குவது. கடைசிப் படிதான் உச்சம் என்பது அவர்கள் வாதம். அவர்கள் அதற்கு ‘ஊடாட்டம்’ என்று பெயர் வைத்தது இயந்திரத்தை நினைத்து அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளை நினைத்து. உங்கள் வகுப்பில் இரண்டு பிள்ளைக்கு ஒரு டேப்லெட் என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். அது வரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் படம் தெரிய, அது மற்ற பிள்ளைக்குத் தமிழில் விடுகதை போடட்டும். நம் பிள்ளைகளுக்கு இது கற்றுக்கொடுக்கவே வேண்டாம். விடுகதை போடுமுன் ‘சிராந்தான்!’ என்று ஒருவர் சொன்னால் ‘சாம்பெக்!’ என்று மற்றவர் குரல் கொடுப்பது இந்தத் தீவில் எல்லாருக்கும் தெரியும். நிற்கிற தண்ணீர் எது? கரும்பு. தொங்குகிற தண்ணீர் எது? தேங்காய். இதைத் தமிழில் சொல்லவைக்கச் செயலி செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். படத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றால் போதும்.

வேகத்தைப் பற்றி ஒரே வார்த்தை. ராபர்ட் மில்லர் 1968-லேயே எழுதியதைத்தான் யாக்கோப் நீல்சன் பிறகு பரப்பினார்: 0.1 வினாடிக்குள் பதில் வந்தால் நாமே செய்த மாதிரி இருக்கும், 1 வினாடிவரை நினைவோட்டம் அறுபடாது, 10 வினாடி தாண்டினால் மனம் வேறு எங்கோ போய்விடும். பெரியவர்களுக்கே அப்படியென்றால் ஆறு வயதுப் பிள்ளை அவ்வளவெல்லாம் காத்திருக்காது, திரும்பத் திரும்பத் தட்டும், தட்டியதெல்லாம் சேர்ந்து இரண்டு திரை தாண்டிப் போய்விடும். ஒலிக்கோப்புகளை இணையத்திலிருந்து இழுக்காமல் டேப்லெட்டிலேயே ஏற்றிவையுங்கள்.

பாடத்தைத் திருப்பியவர்களுக்கு என்ன எழுதுவது? பட்டன் எண்ணிக்கையைப் பற்றி வாதாட வேண்டாம். ‘பிள்ளை செய்கிற தவறுக்கு ஏற்பத் திரையின் பதில் மாறும்படி பாடத்தைத் திருத்தியிருக்கிறேன்’ என்று எழுதி, ‘கொடி’ மாதிரி ஒரே ஒரு திரையைச் செய்துகாட்டுங்கள். எச்5பி என்கிற இலவசக் கருவியில் தேர்வுக்கேற்பக் கிளை பிரிகிற பயிற்சிகள் செய்யலாம். ஒவ்வொரு தவறான தேர்வுக்கும் அதற்குரிய ஒலித்திரைக்கு அனுப்பினால் கோடிங் தெரியாமலே பாதி வேலை முடியும். பிள்ளை முன்பு செய்ததை நினைவில் வைக்கிற பகுதிக்குத்தான் ஒரு புரோகிராமர் வேண்டும். அதற்கு முன்னால் உங்கள் வகுப்பு நோட்டுகளை எடுத்து எந்தத் தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். நாக்கை மடக்கிச் சொல்லும் ஒலிகள் கிரியோலில் இல்லாததால் ட-வும் த-வும், ள-வும் ல-வும் மாறுவது நிறைய இருக்கும். சென்னையில் செய்த செயலிகள் எதிர்பார்க்காத தவறுகள் இவை. அந்தப் பட்டியலை இங்கே போட்டால், எந்தத் தவறுக்கு எந்தப் பதில் வைக்கலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.